பாக்கெட்டின் பின்பக்கம்

“ஒரு பாக்கெட் கூட உள்ளார போகக் கூடாதுங்க. பையை நல்லாத் துழாவிப் பாருங்க!”

திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் நின்று சூப்பர்வைசர் தரணீதரன் கத்திக்கொண்டிருந்தான். செக்யூரிட்டி ஒவ்வொரு டிபன் பையாகச் சோதித்து, சிக்கியதையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டார். பார்த்தவர்கள் கஞ்சா வேட்டை என்றே நினைத்திருப்பார்கள். பெட்டியில் இருந்தது பால் பிஸ்கட்.

விஷயம் இதுதான். நாற்பதாயிரம் டி-ஷர்ட்டுக்கு ஒரு வெளிநாட்டு பிராண்ட் ஆர்டர் தருவதாக இருந்தது. ‘பால் கன்றுக்குட்டிக்கே’ என்று மார்பில் அச்சடிக்க வேண்டும். அந்த பிராண்ட்காரர்கள் வீகன்கள்; கறி மட்டுமல்ல, பால், தேன், பட்டு, கம்பளி எதையும் தொடாதவர்கள். அவர்கள் ஆள் வரும் நாளில் கம்பெனிக்குள் அதெல்லாம் இருக்கவே கூடாது என்று கண்டிஷன். ஆர்டர் கைநழுவினால் எண்பது பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று முதலாளி குமாரவேல் சொல்லிவிட்டார். அந்த எண்பதில் தரணீதரனும் ஒருவன்.

ஒரு வாரமாகப் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படித்தே அவனுக்குக் கண் பூத்துவிட்டது. மசாலா சிப்ஸில் பால் பவுடர், ஜெல்லி மிட்டாயில் எலும்பு காய்ச்சிய பசை, சிவப்பு மிட்டாயில் பூச்சியை நசுக்கிய சாயம். கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவன் அவன். இத்தனை வருஷம் தின்ற ஜெல்லிக்கெல்லாம் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பதினோரு மணிக்கு பிராண்டின் பிரதிநிதி அனுப்ரியா வந்தாள். பெங்களூர் ஆபீஸ், சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் வெள்ளகோவில். முதலாளி கடைசி நேரத்தில் ஆசையாக வாங்கி வைத்த ஓட்ஸ் பிஸ்கட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள்.

“இதுல வே பவுடர் இருக்குதுங்களே. பாலைத் திரிச்சா வர்ற தண்ணியைக் காய வெக்கிறதுதானுங்க அது.”

ஏசி ஓடியும் குமாரவேலுக்கு வியர்த்தது. தரணீதரன் கேண்டீனுக்கு ஓடினான்.

“அக்கா, பாக்கெட்டே வேண்டாம். நீங்க சுட்ட முறுக்கு இருந்தாக் குடுங்க!”

கேண்டீனில் சமைப்பவள் ஊத்துக்குளிக்காரி சுப்பாத்தாள். தட்டு நிறைய அள்ளிக் கொடுத்தாள்.

அனுப்ரியா ஒரு கடி கடித்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டு ஒரு நொடி கண்ணை மூடினாள். தரணீதரனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் கண்ணைத் திறந்து இன்னொன்று எடுத்தாள். என்ன மாவு, என்ன எண்ணெய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறாவது முறுக்கு முடிந்தபோது ஆர்டரில் கையெழுத்தும் ஆகியிருந்தது.

தரணீதரன் மறுபடி கேண்டீனுக்குப் பறந்தான். “எண்பது குடும்பத்தைக் காப்பாத்திட்டீங்க அக்கா! வாயில வெச்சதும் கரையுதுன்னு மொதலாளி சொல்றாரு. அப்படி என்னத்தப் போட்டீங்க?”

“பெருசா ஒண்ணுமில்ல கண்ணு. ரெண்டு படி மாவுக்கு எங்கூரு வெண்ணெய் அரைக் கிலோ போட்டுப் பெசஞ்சேன்.”

“வெண்ணெயா! ஐயோ, சத்தமாச் சொல்லாதீங்க...” என்றபடி திரும்பினான். கேண்டீன் வாசலில் அனுப்ரியா நின்றுகொண்டிருந்தாள்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். “மேடம்... பாக்கெட்டை மட்டுந்தானுங்க பார்த்தேன். இதை நெனச்சே பாக்கலீங்க. தப்பு என் மேலதானுங்க, கம்பெனி மேல இல்லீங்க.”

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து காலி டிபன் டப்பாவை எடுத்துச் சுப்பாத்தாளிடம் நீட்டினாள்.

“மொதக் கடியிலயே தெரிஞ்சுதுங்க அக்கா, ஊத்துக்குளி வெண்ணெய்னு. மிச்சத்தையும் இதுல போட்டுக் குடுங்க. லேபிள் மட்டும் ஒட்டீராதீங்க!”