ஐம்பத்தெட்டு வருஷம் பாக்கி

"மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா ஒரு வரி பதிலாவது போட்டிருப்பானுங்க, வக்கீலம்மா! நாலு கடிதாசு போட்டாச்சு. கிணத்துல போட்ட கல்லாட்டம் கிடக்கு."

தெல்மா பிராட்வெல் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுபத்து மூன்று வயது, தீராத இடுப்பு வலி. இதில் ஹேஸ்டிங்ஸ் ஊரின் மேட்டுத் தெருவில் நடந்து வேறு வந்திருந்தாள். எதிரே இருந்த இளம் வக்கீல் இமோஜன் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

விஷயம் இதுதான். ஃபிளாட் தெல்மாவுடையது. ஆனால் கட்டடமும் அது நிற்கும் நிலமும் பெபிள்மூர் எஸ்டேட்ஸ் என்ற கம்பெனியுடையவை. தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகையில் இன்னும் ஐம்பத்தெட்டுதான் பாக்கி. இவ்வளவு கரைந்துபோன குத்தகைக்குக் கடன் கிடையாது என்று, வாங்க வந்தவரின் வங்கி கையை விரித்துவிட்டது. கம்பெனி கையெழுத்துப் போட்டுக் குத்தகையை நீட்டினால்தான் ஃபிளாட் விற்கும். விற்றால்தான், தொலைவில் விட்பி என்ற ஊரில் பார்வை மங்கித் தனியாகக் கிடக்கும் அக்கா ஐரிஸுக்குப் பக்கத்து வீட்டை வாங்க முடியும். அந்த வீட்டுக்காரரோ மாதக் கடைசிவரைதான் பொறுப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"கம்பெனி ஆளைக் கண்டுபிடிக்கவே முடியலைன்னா கோர்ட்டுக்குப் போகலாம்" என்றாள் இமோஜன். "ஆனா ஆறேழு மாசம் இழுக்கும்."

"அதுக்குள்ள எங்க அக்கா அடுப்புல கையைச் சுட்டுக்குவா."

"எப்பலேர்ந்து பதில் வரல?"

"எங்க வீட்டுக்காரர் லெஸ்லி போனதுலேர்ந்து. பதினாலு மாசம் ஆச்சு. அந்த மனுஷன் செத்ததுக்கு ஒரு அனுதாபக் கார்டு உண்டா? அவர் இருந்தவரைக்கும் பயந்துகிட்டு ஒரே வாரத்துல பதில் போட்டானுங்க. கட்டடத்துல யாருக்கு என்ன வேணும்னாலும் அவர்தான் எழுதுவார். தானே நடந்து போய் தபால் பெட்டியில போட்டுட்டும் வருவார்."

சொல்லும்போதே தெல்மாவின் குரல் இளகியது. ஆறு குடித்தனத்துக்கும் லெஸ்லிதான் தளபதி. அவர் பேனாவை எடுத்துவிட்டார் என்றாலே மற்றவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

"கேட்டதெல்லாம் கிடைச்சுதா?"

"எங்க கிடைச்சுது! மேல் வீட்டு கோர்டன் கம்பளத்தை எடுத்துட்டு மரத்தரை போடணும்னான். கீழ சத்தம் கேட்கும், முடியாதுன்னுட்டான் கம்பெனிக்காரன். நான் ஒரு பூனை வளர்க்கக் கேட்டேன். மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் கூடாதுன்னுட்டான். ஒரே ஒரு வாட்டி சரின்னான். லெஸ்லி தூண்டில் சாமான் வைக்க பின்பக்கம் ஒரு ஷெட் கேட்டார், அது என்னமோ மறு தபால்லயே வந்துடுச்சு."

இமோஜனுக்கு லேசாக இருமல் வந்தது. ஃபைலைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"அதெல்லாம் போகட்டும்" என்றாள் தெல்மா. "எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஐரிஸுக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சப்போ, எங்ககூடவே வச்சுக்கிறோம்னு எழுதிக் கேட்டோம். குத்தகைப்படி மூணாவது ஆளுக்கு இடமில்லைன்னு வழக்கம்போல டைப் அடிச்சு ரெண்டே வரி. அன்னிக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். லெஸ்லி டீ போட்டுக் கொடுத்துட்டு, 'நான் என்ன பண்றது தெல்மா, கம்பெனிக்காரன் கல்மனசுக்காரனா இருக்கானே'ன்னார். பாவம், என் முகம் வாடினா அவருக்குத் தாங்காது. நாப்பத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட என்னைப் பார்த்து முடியாதுன்னு சொன்னதில்ல, தெரியுமா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேநீரை ஒரு மடக்குக் குடித்தாள். அது ஆறிப்போயிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் உயில் எழுதி வச்சாரா?" என்று இமோஜன் மெல்லக் கேட்டாள்.

"எல்லாம் என் பொண்டாட்டிக்குன்னு ஒரே வரி. அவர்கிட்ட அப்படி என்ன இருந்தது? நாலு தூண்டிலும் ஒரு ஓட்டைக் காரும். அதை எதுக்குக் கேக்கறீங்க?"

"மிஸஸ் பிராட்வெல், கோர்ட்டுக்குப் போகவே வேண்டாம். கம்பெனிப் பதிவேட்டுலேர்ந்து இன்னிக்குக் காலையிலதான் காகிதம் வந்துச்சு. மொத்தக் கம்பெனியும் ஒரே ஆள் பேர்ல இருக்கு. மாசக் கடைசிக்குள்ள குத்தகையை நீட்டிடலாம். அக்கா பக்கத்துலயே போய் இருக்கலாம்."

"ஆள் கிடைச்சுட்டானா!" இடுப்பு வலியையும் மறந்து தெல்மா எழுந்தே நின்றுவிட்டாள். "எங்க இருக்கான் அந்தப் பாவி? கையெழுத்து வாங்கின கையோட, எங்க அக்காளை எட்டு வருஷம் இருட்டுல உட்கார வச்சியேன்னு நேர்ல நாலு வார்த்தை கேட்காம விடமாட்டேன்!"

இமோஜன் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

உரிமையாளர் என்ற வார்த்தைக்கு எதிரே, தெல்மாவுக்கு நாற்பத்தாறு வருஷமாகப் பழகிய அதே சாய்ந்த எழுத்தில் கையெழுத்து இருந்தது: லெஸ்லி ஆர்தர் பிராட்வெல்.