துடைக்கும் துணி

பல்கலைக்கழக ஓவியக்கூடத்தில் ஒரு கிழவரின் படத்துக்கு முன் அக்காளும் தங்கையும் நின்றார்கள். காவலாளி வந்து, கிழவரின் மோவாயில் வழிந்ததைத் துணியால் ஒற்றி, வாளியில் பிழிந்தார். கொழகொழவென்று விழுந்தது. பிறர் குடித்த டம்ளரைக்கூடத் தொடாத அக்காள் இரண்டடி பின்வாங்கினாள்.

"சீ! படத்துக்கு ஏதுங்க எச்சில்?"

"சாப்பிட்டுட்டு வர்றவங்களப் பாத்தா இவருக்கு வாய் ஊறும்மா. அடுத்து எங்க?"

"நாளைக்கு டவுன் மியூசியம்," என்றாள் தங்கை.

"அங்க இருக்கறது விருந்துப் படம். ஒரு கூட்டமே உக்காந்திருக்கும். வெறும் வயித்தோட போங்க."

மறுநாள் அக்காள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தங்கை சிரித்துக்கொண்டே பஸ்ஸில் இரண்டு பன் தின்றாள்.

மியூசியத்தில் இருவருக்கும் டிக்கெட் தந்தார்கள். தங்கைக்கு மட்டும் கூடவே துடைத்துக்கொள்ள மடித்த துணி ஒன்றும் தந்தார்கள். அது ஏற்கெனவே ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.