நடந்த முயல்

மூன்று வருஷமாக வெள்ளைக் களிமண் முயல் ஒன்று குளத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தது. பொம்மைப் படம் எடுக்கிற செங்கமலம் அதன் காலை நெல்லளவு நகர்த்துவாள், ஒரு போட்டோ எடுப்பாள், மறுபடி நகர்த்துவாள்.

"எனக்கு நின்ன ஞாபகம்தான் இருக்கு. படம் முடிஞ்சதும் நான் நடக்கிறதை ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்," என்றது முயல்.

அதற்குள்ளே எலும்பாக இருந்த கம்பி சிரித்தது. "இதே ஆசையைத்தான் முன்னாடி கொக்கும் சொல்லுச்சு, பூனையும் சொல்லுச்சு."

"அதுங்க இப்ப எங்க?"

"எங்க போகும்? அந்த மண்ணுதானே நீ."

படம் நாலு நிமிஷம் வந்தது. செங்கமலம் வெளியூர் விழாவில் அதைப் போட்டுக் காட்டிவிட்டுத் திரும்பினாள். "பதினோரு பேர் பார்த்தாங்க," என்று போனில் யாரிடமோ சொன்னாள். "சரிங்க, அந்தப் பற்பசை விளம்பரத்தைச் செஞ்சு தர்றேன்."

போனை வைத்துவிட்டு முயலை மடியில் எடுத்தாள். கொஞ்ச நேரம் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி பிசைந்தாள்.

சாயங்காலம் கம்பிமேல் ஒரு பெரிய பல் பளபளவென்று நின்றது.

"விளம்பரம் டிவியில வருமாமே," என்றது பல். "நான் சிரிக்கிறதை ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்."

இந்தத் தடவை கம்பி சிரிக்கவில்லை.