நெற்றியில் வைத்த கை

புருவம் திருத்துவதற்கு முன் தலையைச் சற்றுச் சாய்க்கலாம் என்று பார்லர்ப் பெண் ரோகிணி எப்சிபாவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். எப்சிபா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தாள்.

"ஐயோ அக்கா, நான் நூலைக்கூட இன்னும் எடுக்கலியே!"

"உன் தப்பில்லம்மா. நெத்தியில கை வச்சா விழுந்துருவேன். சின்ன வயசுல சபையில பழக்கிவிட்டாங்க." எழுந்து நின்றாள். "மறுபடி வை. விழாம நிக்க முடியுதான்னு பாக்கணும்."

ரோகிணி பயந்துகொண்டே வைத்தாள். எப்சிபா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பேச்சுக் கொடுத்தால் சரியாகும் என்று நினைத்து ரோகிணி, "உங்க பேரு என்னக்கா?" என்றாள்.

சின்ன வயதில் சபையில் அவள் நெற்றியில் கை வைத்துப் பேய் ஓட்டியபோது பாஸ்டரும் இதையேதான் கேட்டார். எப்சிபா என்றதற்கு, பேய் பொய் சொல்கிறது என்று கன்னத்தில் அறைந்தார். மறுபடி கேட்டார், மறுபடி எப்சிபா என்றாள், மறுபடி அறைந்தார். விழுந்தால் பிடிப்பதற்காக அவளுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா, "வேற ஏதாவது சொல்லிரு பிள்ள, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று அழுதாள். கிணற்றில் விழுந்து செத்த பக்கத்து வீட்டுத் தங்கபாயின் பெயரைச் சொல்லிவிட்டு எப்சிபா விழுந்தாள். சபை முழுக்கக் கைதட்டியது. அன்றிலிருந்து தங்கபாய் அவளை விட்டுப் போகவில்லை.

இப்போதும் நாக்கில் அந்தப் பெயர்தான் முதலில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "எப்சிபா" என்றாள். கன்னத்தை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"பக்கத்துல ஓடுற டிரையர் சத்தத்துல கேக்கலக்கா," என்றாள் ரோகிணி, கையை எடுக்காமல். "இன்னொரு தடவை சொல்லுங்க."