காற்று மட்டும் வரும் பக்கம்

ஜீப்பின் ஹாரன் விடாமல் அலறியது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். உச்சி வெயில். ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப், மாலை ஐந்தரைக்கு முன்னால் ஒருநாளும் மலையிறங்கியதில்லை.

கையில் சணல் கயிறு. பாகற்கொடியைச் சுற்றி நான்கு குச்சி நட்டு, நீலப் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டியிருந்தான். ஆடிக் காற்றில் ஒரு முனை அவிழ்ந்து படபடத்தது. அதைத்தான் திரும்பவும் கட்டிக்கொண்டிருந்தான்.

தாள் அவன் மனைவி பவுன்தாயுடையது. தோட்டத்தில் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வது.

மேற்கிலிருந்து வரும் மேகமெல்லாம் மலையில் முட்டி, ஏறி, ஏலத்தோட்டம் இருக்கும் அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். இந்தப் பக்கம் இறங்குவது வெறும் காற்று.

இங்கே மழை பெய்து எட்டு மாதம்.

தினமும் மாலை அவள் நனைந்த தாளைக் கொண்டுவந்து இந்த இடத்தில்தான் உதறுவாள். மடிப்பில் தேங்கியது ஒரு செம்பு தேறும். அந்த ஈரத்தில் அவன் பாகல் விதை ஊன்றினான்.

முளைத்தது. இரண்டு சாண் ஏறியது.

இன்று காலை காற்று அதைப் பிய்த்துப் போடப் பார்த்தது. இன்று ஒருநாள் தாள் இங்கே இருக்கட்டும் என்றான். முகட்டில் பொட்டு மேகம் இல்லை, பார் என்று கையை நீட்டிக் காட்டினான்.

இங்கே காற்று பேயாக அடித்தால் அங்கே ஊற்றுகிறது என்று அர்த்தம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவனுக்குத் தெரியும்.

தெரிந்தும் காட்டினான்.

அவள் அவனைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். சக்களத்திக்குக் கோட்டு மாட்டிவிடுகிறாயாக்கும் என்று சிரித்துவிட்டு ஜீப்புக்கு ஓடினாள்.

ஜீப் வாசலில் நின்றது.

டிரைவர் மொக்கராசு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண்கள் இறங்கினார்கள். இடுப்புவரை சேறு. அவர்கள் போர்த்திய தாள்களிலிருந்து தண்ணீர் சொட்டித் தெருப்புழுதியில் குழி விழுந்தது.

எண்ணினான்.

பதினொன்று. காலையில் பன்னிரண்டு.

பக்கத்து வீட்டுச் சுருளியம்மா கடைசியாக வந்தாள். அவளே சொன்னாள். ஒன்பது மணிக்கு மழை வலுத்ததாம். பாதையோரம் ஆளுயரத்துக்கு மண் சரிந்ததாம். எல்லாரும் கையால் தோண்டினார்களாம். ஆஸ்பத்திரி வண்டி வந்து பவுன்தாயை ஏற்றிக்கொண்டு போனதாம்.

சைரன் போடாமல், மெதுவாகத்தான் போனதாம்.

அவனுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. பன்னிரண்டு பேர் நின்ற இடத்தில் அவள் ஒருத்தி மேல் மட்டும் எப்படி விழுந்தது?

கேட்டுவிட்டான்.

சுருளியம்மாவின் பார்வை அவன் தோளைத் தாண்டிப் போய், பாகற்கொடியைச் சுற்றிப் படபடக்கும் நீலத் தாளில் நின்றது.

"நாங்கெல்லாம் தாளப் போட்டுக்கிட்டுத் தோட்டத்துக்குள்ளயே நின்னோம்ணே. அவதான் நனையாம இருக்க அந்தப் பாதையோர மண்ணுமேட்டுக்கு அடியில ஒதுங்குனா."