ஒரே வெள்ளைச் சட்டை

சோலோமா நகரத்தின் மத்தியான வெயில் தகரக் கூரை வழியாக நேரே தலையில் இறங்குகிறது. தையல் ஆலையில் சம்பளத்தோடு பயிற்சி; அதற்கு நாளை நேர்காணல். வேலையில்லாத பிள்ளைகளுக்குக் காலையிலிருந்து ஒத்திகை நடக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே வெள்ளைச் சட்டைதான். நாவூனின் முறை வரும்போது அது நனைந்து முதுகில் ஒட்டுகிறது. காலரில் யாருடைய தலை எண்ணெயோ மணக்கிறது. எதிரே ஆலை மேலாளராக நடித்தபடி உட்கார்ந்திருக்கும் லெஸ்வியா டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களைச் சிமெண்டுத் தரையில் பதித்திருக்கிறார்.

“வீடு எங்கப்பா?”

“சான் கஸ்பார்ல, டீச்சர்.”

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். மின்விசிறி கிறீச்சிடுகிறது.

“போச்சு. அந்தப் பேட்டை பேரக் கேட்டாலே கும்பல்காரன்னு கதவச் சாத்திடுவாங்க. அத்தை வீட்டு விலாசத்தச் சொல்லுன்னு எத்தன தடவ சொல்றது? மறுபடி. வீடு எங்க?”

“லாஸ் பால்மாஸ்.”

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

“லாஸ் பால்மாஸ்ல, மேடம். பொறந்ததுலேர்ந்து அங்கதான்.”

இப்போது பொய் தடுமாறாமல் வருகிறது. டீச்சர் தலையாட்டுகிறார். நாவூன் எழுந்திருக்காமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறான்.

“டீச்சர், சாயங்காலம் எங்க தெருமுனைல துப்பாக்கியோட நிக்கிறவனுங்களும் இதையேதான் கேக்குறானுங்க. வேற பேட்டைக்காரன்னா உசுரோட விடமாட்டானுங்க. அங்க வாய் தவறி லாஸ் பால்மாஸ்னு வந்துட்டா?”

லெஸ்வியா டீச்சர் குனியாமலே காலால் செருப்பைத் துழாவுகிறார்.

“சட்டையக் கழட்டிக் குடு,” என்கிறார். “அடுத்த ஆள் வரட்டும்.”