இடது ஓரத்து ஆள்

“அந்த இடது பக்கத்து ஆளை வெட்டிடுங்க, படம் பிழைச்சிடும்,” என்றேன்.

சொன்ன பிறகுதான், படியேறும்போது பல் டாக்டர் என் காதில் ஓதியது நினைவுக்கு வந்தது. நர்ஸம்மாவின் போன இரண்டு படங்களையும் நான் கிழி கிழியென்று கிழித்துவிட்டேனாம். இன்றும் அப்படியே பேசினால் அவர் கேமராவை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவாராம். தயவுசெய்து வாயை அடக்கிக்கொள் என்று கெஞ்சாத குறை.

அடக்கத்தான் நினைத்தேன். வாய் என் பேச்சைக் கேட்டால்தானே.

எங்கள் புகைப்படக் குழுவுக்குச் சொந்த இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் டாக்டரின் மருத்துவமனைக்கு நோயாளிகள் வரமாட்டார்கள் என்பதால் அவர்கள் காத்திருக்கும் அறை எங்களுக்கு. சொத்தைப் பல் படங்களுக்கு நடுவே தெரியும் வெள்ளைச் சுவர்தான் திரை. அன்றைக்கு வந்திருந்தது டாக்டர், பேக்கரிக்காரர், நர்ஸம்மா, நான். நான் தையல்காரன். எந்தப் படத்தைக் காட்டினாலும் ஓரத்தை வெட்டச் சொல்வதால் எனக்குக் கத்திரி என்று பெயர். முகத்துக்கு நேரே மட்டும் மாஸ்டர்.

குழுவுக்கு இரண்டே விதிகள். எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. யார் என்ன திருத்தம் சொன்னாலும் அதை அங்கேயே செய்து பார்த்துவிட வேண்டும்.

அதனால் நர்ஸம்மா மடிக்கணினியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

சுவரில் ஒரு பேருந்து நிறுத்தம். கறுப்பு வெள்ளைப் படம். பனியில் எல்லா நிறுத்தமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வரிசையாகச் சிலர், எல்லோரும் குனிந்து கைபேசியில் மூழ்கியிருந்தார்கள். இடது ஓரத்தில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குண்டு ஆசாமி.

“ஏன் வெட்டணும்?” என்றார் பேக்கரிக்காரர்.

கேட்டிருக்க வேண்டாம். காரணம் கேட்டால் எனக்குக் குஷி பிறந்துவிடும்.

படத்தில் இருக்கும் ஆளுடைய இடது தோள் வலதைவிட ஒரு விரல் இறங்கியிருக்கிறது, அதைக் கவனிக்காமல் எவனோ சட்டை தைத்திருக்கிறான் என்றேன். பின்கழுத்தில் துணி மூட்டை கட்டிக்கொண்டு நிற்கிறது. காலர் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இந்த ஊரில் பாதிப் பேர் முதுகில் என் அளவு நாடா விழுந்திருக்கிறது, பின்னாலிருந்து பார்த்தே பெயரைச் சொல்லிவிடுவேன். இந்த முதுகு சத்தியமாக என் கடைக்கு வந்தது இல்லை. வந்திருந்தால் இந்தக் கோலத்தில் தெருவில் விட்டிருப்பேனா?

பேக்கரிக்காரருக்குப் புரையேறியது. டாக்டர் ஜன்னலைத் திறக்கப் போனவர், வெகுநேரம் திறந்துகொண்டே இருந்தார்.

நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

பாவி, ஒரு மனுஷியை அழ வைத்துவிட்டேனே. இரவுப் பணி முடித்து, தூக்கக் கண்ணோடு குளிரில் நின்று எடுத்த படம். இனிமேல் இந்தப் பக்கம் அவர் தலைவைத்துப் படுப்பாரா?

ஆனால் விதி விதிதான். நிமிராமலே, நான் சொன்னபடி அந்த ஆளை வெட்டினார்.

படத்தில் உயிரே இல்லாமல் போனது. பனி அப்படியே இருந்தது, வரிசை அப்படியே இருந்தது. ஆனால் எல்லோரும் துக்க வீட்டுக்குப் போக வண்டிக்கு நிற்கிறவர்கள் மாதிரி தெரிந்தார்கள். நான் வெட்டச் சொல்லி ஒரு படம் கெட்டுப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஆளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். வந்தார்.

எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனேன். சட்டையை விட்டுவிட்டு இந்த முறை ஆளைப் பார்த்தேன்.

குதிகால்கள் இரண்டும் தரையில் இல்லை. கைகள் உடம்பைவிட்டு விலகியிருந்தன. கூரைகளுக்கு மேலே பனி லேசாகக் கிழிந்து வெளிச்சம் வருவதை, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்ட பிள்ளை அப்படித்தான் நிற்கும்.

எனக்குப் பொறாமையாகவே இருந்தது. என் மனைவி என்னை உம்மணாமூஞ்சி என்பாள். கடைக் கண்ணாடியும் அவள் கட்சிதான்.

“நான் சொன்னது தப்பு, நர்ஸம்மா. இந்தப் படமே இந்த ஆள்தான். மூஞ்சி தெரியல, ஆனா மனுஷன் எவ்வளவு சந்தோஷமா இருக்கார்னு முதுகே சொல்லுது. யாரு இவரு, உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

நர்ஸம்மா டாக்டரைப் பார்த்தார். எல்லோரும் பேசியாகிவிட்டது, இனி வாயைத் திறக்கலாம் என்று டாக்டர் தலையசைத்தார்.

நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“நீங்கதான் மாஸ்டர். தினமும் காலையில அப்படித்தான் நிக்கிறீங்க. அடுத்த வாரம் முன்பக்கமா வந்து எடுக்கப்போறேன்.”

அந்த அறையில் முதலில் வெடித்துச் சிரித்தது நான்தான்.